காவிரிக்கரையில் நாய் நீச்சல்

திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து திருவரங்கம் செல்லும் வழியில், சிந்தாமணியைக் கடந்ததும் காவிரிப் பாலம் எதிர்ப்படுகிறது. அதற்கு அருகிலுள்ள பகுதிக்கு இன்றும் ஓடத்துறை என்றே பெயர். பாலங்கள் இல்லாத காலத்தில் ஓடமேறி அக்கரை சேர்ந்தவர்கள் விட்டுச் சென்ற பெயர் அது. ஓடம் போயிற்று, பெயர் நிற்கிறது. ஊர்ப் பெயர்களும் வழக்குச் சொற்களும் இப்படித்தான். தம்மைப் பிறப்பித்த பொருள் மறைந்த பின்னும் நெடுநாள் வாழ்கின்றன. அத்தகைய சொல் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விழைகின்றேன். 'நாய் நீச்சல்' என்பதே அச்சொல். இது என்ன பொருள், இதைப் பற்றிச் சாமியார் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் எண்ணலாம். சற்றே பொறுத்து வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நாய் நீச்சலுக்குத் தமிழ் வீடுகளில் விளக்கம் தேவையில்லை. தலை நீருக்கு மேலே நிற்கும். கைகள் இரண்டும் நீருக்குள்ளேயே மாறி மாறி முன்னே சென்று, நீரைக் கீழும் பின்னுமாகத் தள்ளும். கால்களும் அவ்வாறே உதைக்கும். கரையில் நடக்கும் நாய் நீரில் இறங்கினால் எவ்வாறு நடையை விடாமல் தொடருமோ, அதுவே இது. கற்பிப்பார் இன்றிக் குழந்தைகள் தாமாகவே கண்டுகொள்ளும் முதல் நீச்சலும் இதுவே. விந்தை என்னவெனில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத மொழிகளும் இதற்கு நாயின் பெயரையே சூட்டியிருக்கின்றன. ஆங்கிலேயர் நாயின் துடுப்பு என்பர். பிரெஞ்சுக்காரர் நாயின் நீச்சல் என்பர். இத்தாலியர் நாய்க்குட்டியின் நீச்சல் என்பர். ஜப்பானியரும் நாயை விடவில்லை. உலகமெங்கும் சிறுவர்கள் ஆற்றங்கரையில் நின்று ஒரே காட்சியைக் கண்டு ஒரே பெயரை இட்டிருக்கிறார்கள் போலும்!

பெயர் இட்டதோடு நில்லாமல், அதைச் சற்று இளக்காரமாகவும் ஆக்கிவிட்டனர். "உனக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டால், "ஏதோ, நாய் நீச்சல்" என்று தலையைச் சொறிந்துகொண்டே சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். தெரியும் என்றும் சொல்ல முடியாமல், தெரியாது என்றும் சொல்ல மனமின்றி வரும் விடை அது. கைகளை நீருக்கு மேலே வீசிப் பாயும் நீச்சலும், தவளை நீச்சலும், மல்லாந்த நீச்சலும் அறிந்தவர்கள் முன் நாய் நீச்சல்காரர் சற்றுக் கூசியே நிற்பார்.

இதனோடு சேர்த்து நாம் கேட்கும் மற்றொரு சொல் 'கடப்பாரை நீச்சல்'. நான் கேட்ட வரையில், இது நீச்சலே தெரியாதவர்கள் தம்மைத் தாமே கேலி செய்துகொள்ள ஆளும் சொல். "எனக்குத் தெரிந்ததெல்லாம் கடப்பாரை நீச்சல்தான், சாமி" என்று ஒருவர் சொன்னால், இறங்கினால் நேரே அடியில்தான் என்று பொருள். இரும்பு நீரைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு கனம் உடையது. அதற்கு நீச்சல் ஏது? எலிசேயு இறைவாக்கினர் யோர்தான் நதியில் விழுந்த கோடரியின் இரும்பை மிதக்கச் செய்தார் என்று அரசர்களின் வரலாற்றில் வாசிக்கிறோம். அது புதுமை. நம் ஊர்க் கடப்பாரைக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

இவ்விரு சொற்களையும் நாம் ஒரே தட்டில் வைத்துச் சிரிக்கிறோம். நாய் நீச்சலும் நகைப்புக்குரியது, கடப்பாரை நீச்சலும் நகைப்புக்குரியது. ஆனால் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் என்ன? ஒருவன் கரையேறுவதற்கும் கரையேறாமல் போவதற்கும் உள்ள தூரம். நாய் நீச்சலுக்கும் பந்தயக்காரரின் நீச்சலுக்கும் இடையே உள்ளதோ பதக்கத்தின் தூரம் மட்டுமே. பின்னதைப் பெரிதாக எண்ணி முன்னதை நாம் மறந்துவிட்டோம் என்பதே என் கவலை. அந்த மறதிக்குக் காவிரியும் கொள்ளிடமும் ஆண்டுதோறும் வாங்கும் விலையை, இவ்விரு ஆறுகளின் கரையிலுள்ள பங்குகளில் பணியாற்றிய குருக்கள் யாவரும் அறிவர்.

ஆற்றின் இயல்பைச் சற்று நோக்குவோம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பு வரையில் காவிரி அகண்ட காவிரியாக ஒரே ஆறாய் வருகிறது. அங்கே இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி என்ற பெயரோடு பாசனத்திற்குச் செல்கிறது. வடக்குக் கிளையாகிய கொள்ளிடம் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டு செல்லும் வடிகால். இரண்டுக்கும் நடுவே திருவரங்கம் தீவாகக் கிடக்கிறது. இவ்விடத்தில் மேலணையைக் கட்டியவர் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், ஆண்டு 1836. காவிரி தாழ்ந்த கொள்ளிடத்தின் பக்கமே சாய்ந்து ஓடிப் போய்விடாமல் தஞ்சைத் தரணிக்கு நீர் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

எனவே கொள்ளிடம் பெரும்பாலான நாள்களில் மணலாகவே கிடக்கும். இடையிடையே குட்டைகள் தேங்கும். மணல் அள்ளிய இடங்களில் குழிகள் இருக்கும். பார்ப்பவர்க்கு அது ஆறாகவே தோன்றாது. ஆடுகள் மேயும் வெளியாகத் தோன்றும். ஆனால் மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் திறக்கப்பட்டால் அதன் முகம் வேறு. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு இரண்டு இலட்சம் கனஅடிக்கு மேல் நீர் வந்தபோது, கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. அம்மாதம் 22-ஆம் நாள் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. சாய்ந்த பாலத்தைப் பார்ப்பதற்குப் பிள்ளைகளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவர்கள் எத்தனை பேர்!

காவிரிக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்த பின், போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12-ஆம் நாள் பாசனத்திற்குத் திறப்பதும், ஜனவரி 28-ஆம் நாள் மூடுவதும் வழக்கமாயின. இதன் விளைவு ஒன்றை யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. நம் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில். அப்போது ஆற்றில் நீர் இராது. பாலத்தின் கீழே சிறுவர்கள் மட்டையும் பந்துமாக ஆடுவர். பள்ளி திறந்த பின்னரே புது வெள்ளம் வரும். ஆகவே கற்றுக்கொள்ள நேரமிருக்கும்போது நீர் இல்லை. நீர் இருக்கும்போது நேரமில்லை. பிறகு ஆடிப்பெருக்கு வருகிறது. அன்று அம்மா மண்டபம் படித்துறையில் கூடும் கூட்டத்தை அறியாதார் இலர். புதுமணத் தம்பதியரும் குழந்தைகளும் கரை நிரம்ப ஓடும் ஆற்றில் இறங்குகின்றனர். காவல் துறையினரும் தீயணைப்புத் துறையினரும் தடுப்புக் கட்டி நிற்கின்றனர். தடுப்புக்கு உட்பட்ட இடத்தில் பெரும்பாலும் ஆபத்து இல்லை. யாரும் நில்லாத வேறொரு துறையில், வேறொரு நாளில்தான் அது நேர்கிறது.

ஆற்றங்கரை மக்கள் நீரின் ஆழத்தைக் கோலால் அளப்பதில்லை. தம் உடலால் அளப்பர். கணுக்கால் ஆழம், முழங்கால் ஆழம், இடுப்பளவு, கழுத்தளவு. அதற்கு மேல் 'நிலை இல்லை' என்று சொல்லி நிறுத்திவிடுவர். நிலை என்றால் கால் ஊன்றுமிடம். எசேக்கியேல் இறைவாக்கினரின் நூல் 47-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால் இதே அளவைகளைக் காணலாம். ஆலயத்திலிருந்து புறப்பட்ட நீர் ஆயிரம் முழத்திற்கு ஒருமுறை அளக்கப்படுகிறது. முதலில் கணுக்கால், பின்னர் முழங்கால், பின்னர் இடுப்பு, அதன் பின்னர் நீந்தியன்றிக் கடக்க இயலாத ஆறு. அந்நூலை எழுதியவர் ஆற்றில் இறங்கிப் பழகியவர் என்றே எனக்குத் தோன்றுவதுண்டு. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அங்கே ஆழம் படிப்படியாக வருகிறது. மணல் குழிகள் உள்ள நம் ஆறுகளில் முழங்காலுக்கு அடுத்த அடியிலேயே நிலை போய்விடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில் இரண்டு சிறுவர்களை ஒரே நாளில் அடக்கம் செய்தோம். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த பிள்ளைகள். ஐந்து பேராக ஆற்றுக்குச் சென்றனர். ஒருவனுக்கு நிலை தவறியது. மற்றவன் அவனைப் பிடிக்கப் போனான். ஐவரில் எவருக்கும் நீச்சல் தெரியாது. ஒருவனுடைய தாய் கல்லறைத் தோட்டத்தில் என்னிடம் கேட்ட கேள்வி இது: "சாமி, எம்புள்ள ஏன் ஒரு சத்தம் கூடப் போடல? கூப்பிட்டிருந்தா கரையில இருந்தவங்க வந்திருப்பாங்களே?" அன்று அந்த அன்னைக்கு விடை சொல்லும் நிலையில் எவரும் இல்லை. பின்னர் இதைப் பற்றி வாசித்து அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். வேறொரு தாய்க்குப் பயன்படலாம்.

நீரில் முழுகுகிறவர் திரைப்படத்தில் காண்பதுபோல் கையை அசைத்துக் கூவுவதில்லை. மூச்சு வாங்குவதற்கே வாய் நீருக்கு மேலே வரும் நேரம் போதாது. கூவுவதற்கு மூச்சு ஏது? கைகள் தாமாகப் பக்கவாட்டில் நீண்டு நீரை அழுத்தும். அசைத்து அழைக்க அவை அவர் வசத்தில் இரா. உடல் நிமிர்ந்து நிற்கும். பார்ப்பவர்க்கு அவர் நீரில் நின்று விளையாடுவது போலத் தோன்றும். ஒரு நிமிடத்திற்குள் எல்லாம் முடிந்துவிடக் கூடும். ஓசையின்றி நடப்பதே இதன் கொடுமை. ஆகவே, ஆற்றங்கரையில் பிள்ளையின் சத்தம் கேட்கவில்லை என்றால் உடனே திரும்பிப் பாருங்கள்.

அப்பிள்ளைகள் முழுகிய இடத்தை அடுத்த நாள் மீனவர் ஒருவர் எனக்குக் காட்டினார். கழியை ஊன்றி நிலை உள்ள இடத்தையும் காட்டினார். இடையே இருந்த தூரம் ஏறத்தாழ எட்டு முழம். நம் பங்குக் கோவிலின் திவ்விய நற்கருணைத் தட்டிக்கும் பீடத்திற்கும் உள்ள தூரம். அந்த எட்டு முழத்தைக் கடக்கப் பந்தய நீச்சல் வேண்டியதில்லை. பதினைந்து இருபது முறை கையை நாயைப்போல் மாற்றிப் போட்டிருந்தால் போதும்.

ஏன் நாய் நீச்சல் போதும் என்பதற்குக் காரணம் உண்டு. நுரையீரலில் காற்று நிறைந்திருக்கும்போது மனித உடல் நீரைவிடச் சிறிதளவே இலேசானது. அந்தச் சிறிதளவுதான் நம் மூலதனம். அதைக் கொண்டு மூக்கை மட்டும் மேலே வைத்திருக்கலாம். கையைத் தூக்கி நீருக்கு வெளியே நீட்டினால், அந்தக் கையின் கனம் முழுவதும் உடல் மீது இறங்கித் தலையைக் கீழே தள்ளிவிடும். பயந்தவன் முதலில் செய்வது கையைத் தூக்குவதே! நாய் நீச்சலிலோ கைகள் நீரை விட்டு வெளியே வருவதே இல்லை. முகம் மேலே இருப்பதால் மூச்சை எப்போது விடுவது, எப்போது வாங்குவது என்ற கணக்கும் இல்லை. கரை எங்கே என்று கண்ணால் பார்த்துக்கொண்டே போகலாம். குறையும் உண்டு. மெதுவானது, கால்கள் தாழ்ந்துவிடுவதால் விரைவில் களைப்பூட்டும். நூறு மீட்டர் செல்ல இது உதவாது. எட்டு முழம் செல்ல உதவும்.

அடக்கத்திற்குப் பின் அந்த ஊரில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். பிள்ளைகள் ஆற்றுப் பக்கமே போகக் கூடாது என்று முடிவாயிற்று. பெற்றோரின் மனத்தை நான் அறியாதவன் அல்லேன். ஆயினும் தடை என்பது பழைய மருந்து. அது எவ்வளவு பலித்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1571-ஆம் ஆண்டு துணைவேந்தராயிருந்த ஜான் விட்கிஃப்ட், மாணவர் எவரும் அம்மாவட்டத்தின் ஆற்றிலோ குளத்திலோ இறங்கக் கூடாது, மீறினால் கசையடி என்று ஆணை பிறப்பித்தார். பதினாறு ஆண்டுகள் சென்றன. 1587-இல் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எவரார்டு டிக்பி என்பவர் நீச்சல் கலையைப் பற்றி இலத்தீனில் ஒரு நூல் எழுதிப் படங்களுடன் அச்சிட்டார். மல்லாந்து மிதந்தபடி கால் நகத்தை வெட்டிக்கொள்வது எப்படி என்பது வரையில் அதில் உண்டு! குருமடத்தில் இலத்தீன் படித்த நாங்கள் சிசரோவோடு போராடிக்கொண்டிருந்தோம். அம்மொழியில் இத்தகைய நூலும் உண்டென்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சற்று விருப்பத்தோடு படித்திருப்போம். விட்கிஃப்ட் ஆற்றைப் பூட்ட நினைத்தார். டிக்பி ஆற்றில் இறங்குவதைக் கற்பித்தார். இருவரும் மாணவரின் உயிரைக் காக்கவே முனைந்தனர் என்று கொள்ளலாம். ஆனால் பின்னவரே மாணவர்களை அறிந்தவர் என்பது என் கருத்து.

கற்பிப்பது அவ்வளவு கடினமா? திருச்சிக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில், வாழைத் தோட்டம் ஒன்றில் உழைத்துவந்த பெரியவர் ஒருவரை நான் அறிவேன். நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். எனினும் வழியில் கண்டால் நின்று பேசுவார். தம் பேரப் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழக்கிக்கொண்டிருந்தார். எத்தனை நாளில் வரும் என்று கேட்டேன்.

"பயம் போக மூணு நாள், நீச்சல் வர நாலு நாள், சாமி. அவ்வளவுதான் கணக்கு" என்றார்.

அவருடைய முறை இது. முதல் நாள் படியில் உட்காரவைத்து, கழுத்தளவு நீரில் முகத்தை அமிழ்த்தி, வாயால் காற்றை ஊதச் செய்வார். பிள்ளை சிரிக்கும் வரை வேறொன்றும் இல்லை. அடுத்த நாள் படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு கால் உதைக்க வேண்டும். மூன்றாம் நாள் இடுப்பில் கயிறு. நெஞ்சுக்குக் கீழே வாழை மரத்துண்டு. திருச்சி வட்டாரத்தில் வாழைக்கு என்ன பஞ்சம்? அறுவடை முடிந்து வெட்டிச் சாய்த்த மரம் தோட்டமெங்கும் கிடக்கிறது. அந்தத் துண்டை நாளுக்கு ஒரு சாண் வெட்டிக் குறைத்துக்கொண்டே வருவார். கடைசியில் கையளவு துண்டு இருக்கும். அது பிள்ளையைத் தாங்குவதில்லை. பிள்ளையின் மனத்தைத்தான் தாங்குகிறது. ஏழாம் நாள் அதுவும் இராது. முற்காலத்தில் உலர்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டுவார்களாம். இப்போது எண்ணெய்க் கேனைக் கட்டுகிறார்கள். கேன் நழுவினால் பிள்ளை நேரே கடப்பாரைதான் என்று அவருக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை.

"நாய் நீச்சல்னு பசங்க சிரிக்கிறானுங்க சாமி. தண்ணியில விழுந்த நாய் செத்துப் போய் எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

பார்த்திருக்கிறேன். படியில்லாத மொட்டைக் கிணற்றில் விழுந்த நாய் ஏற வழியின்றிச் சுற்றிச் சுற்றி நீந்திக் களைத்து இறந்ததைக் கண்டதுண்டு. அதை அவரிடம் சொன்னேன். சற்று யோசித்தார். "அது நீச்சல் தெரியாம சாகல சாமி. படி இல்லாம செத்துச்சு" என்றார். நல்ல விடை. தோட்டம் வைத்திருப்போர் கைப்பிடிச் சுவரும் படியும் இல்லாத கிணறுகளை அப்படியே விட்டுவைத்திருப்பதற்கும் அதில் ஒரு சூடு இருக்கிறது.

பெரியவரின் முறை பழமையானது என்று தள்ள வேண்டாம். வங்கதேசத்தின் கிராமங்களில் இதைப் போன்றதொரு முறையில் இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்திருக்கிறார்கள். ஊர்க் குளத்தில் மூங்கிலால் மேடையும் தடுப்பும் கட்டி, நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை உள்ளூர் இளைஞர்களே பழக்குகின்றனர். 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், கரையில் நின்றபடி பிறரைக் காப்பாற்றத் தெரிய வேண்டும். அவ்வளவே தேர்வு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் நீரில் முழுகி இறந்தவர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். அவர்களுள் ஏறக்குறைய கால் பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். பள்ளிச் சிறார்க்கு அடிப்படை நீச்சலைக் கற்பிக்குமாறு அந்நிறுவனம் வற்புறுத்துகிறது. ஐக்கிய நாடுகள் அவை ஜூலை 25-ஆம் நாளை இதற்கெனவே குறித்திருக்கிறது. நம் ஊரில் அது ஆடிப்பெருக்குக்குச் சில நாள்களே முந்தியது.

யூத மறைவல்லுநர்களின் தல்மூது நூலில், தந்தை மகனுக்குச் செய்ய வேண்டிய கடமைகளைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. திருச்சட்டத்தைக் கற்பிக்க வேண்டும், மணம் முடித்துவைக்க வேண்டும், ஒரு தொழிலைக் கற்பிக்க வேண்டும். இவற்றோடு நீந்தக் கற்பிப்பதும் தந்தையின் கடமை என்று சொல்வோரும் உளர் என அந்நூல் சேர்க்கிறது. மகனின் உயிர் அதைப் பொறுத்தது என்பதே அதன் காரணம். மறைக்கல்வியும் தொழிலும் நீச்சலும் ஒரே வரிசையில்! அப்போஸ்தலர் பணியின் 27-ஆம் அதிகாரத்தில் புனித சின்னப்பர் ஏறிச் சென்ற கப்பல் மெலித்தா தீவின் அருகே உடைகிறது. கப்பலில் 276 பேர். நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதித்துக் கரை சேரட்டும், மற்றவர்கள் பலகைகளைப் பற்றிக்கொண்டு வரட்டும் என்று நூற்றுவர் தலைவன் ஆணையிடுகிறான். எல்லாரும் கரையேறினர். அவர்கள் எந்த வகை நீச்சல் நீந்தினர் என்று லூக்காஸ் எழுதவில்லை. பலகை கிடைத்தவர்கள் காலை எப்படி உதைத்திருப்பார்கள் என்பதை மட்டும் நாம் ஊகிக்கலாம்.

தல்மூது மகனைப் பற்றி மட்டுமே பேசுகிறது. நம் வீடுகளும் அப்படித்தான். பையன்கள் எப்படியோ கிணற்றிலும் வாய்க்காலிலும் குதித்து அரைகுறையாகவாவது கற்றுக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. துணி துவைக்கவும் குளிக்கவும் படித்துறைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அவர்களே. ஒருத்தி வழுக்கி விழுந்தால் அவளைப் பிடிக்கப் போகிற அக்காளுக்கும் நீச்சல் தெரியாது. திருச்சி அண்ணா விளையாட்டரங்கிலே நீச்சல் குளம் உண்டு. நகரத்தில் உள்ளவர்கள் மகளையும் அங்கே அழைத்துச் செல்லலாம். சிற்றூரில் இருப்போர்க்கு, பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு நேரம் ஒதுக்கி, தாய்மார் உடனிருக்கப் பாம்பே சர்க்கஸா நடக்கப் போகிறது என்று யாரும் வேடிக்கை பார்க்காதபடி ஏற்பாடு செய்வது பெரிய காரியமன்று. ஒரு பங்கின் மாதா சபையார் மனம் வைத்தால் ஒரு கோடையிலேயே முடித்துவிடுவார்கள். திருவிழாப் பந்தலுக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கும் ஆகாது.

இனிச் சில குறிப்புகள். நாய் நீச்சல் கற்ற பிள்ளை வெள்ளத்தை வெல்லக் கற்றதாக எண்ணிவிடலாகாது. புது வெள்ளத்திலும் மதகுகளின் அருகிலும் எவரும் இறங்கக் கூடாது. நீரோட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், அதன் போக்கிலேயே சென்று சாய்வாகக் கரையை நாட வேண்டும். களைப்புற்றால் மல்லாந்து, காதுகள் நீரில் அமிழ, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக் கிடக்கலாம். ஆகவே மிதக்கவும் சேர்த்தே பழக்குங்கள். ஒருவர் முழுகுவதைக் கண்டால், பயிற்சியில்லாதவர் பின்னே குதிக்க வேண்டாம். அந்த இரண்டாம் சிறுவனை நாம் அப்படித்தான் இழந்தோம். கரையில் படுத்துக்கொண்டு கழியை நீட்டுங்கள். வேட்டியையோ சேலையையோ முறுக்கி வீசுங்கள். ஒன்றும் இல்லையெனில் மூடிய வெற்றுக் குடத்தை எறியுங்கள்.

கிணற்றில் பழக்குவோர்க்கு அந்தப் பெரியவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். வெயில் ஏறிய பின் இறங்குங்கள். விடியற்காலைக் குளிரில் பிள்ளைக்கு மூச்சு வாங்கும். வயிறு நிறைய உண்டபின் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை மட்டுமே நீரில் இருக்க வேண்டும், மற்றவை படியில் உட்கார்ந்திருக்கட்டும். கயிறு தேங்காய் நாராயிருப்பின் முதல் நாள் இரவே நீரில் ஊறவைத்து இழுத்துப் பாருங்கள். அதன் ஒரு முனை பிள்ளையின் இடுப்பில். மறுமுனை உங்கள் கையில் மட்டும் இருந்தால் போதாது, மேற்படியின் கல்லிலும் கட்டியிருக்க வேண்டும்.